முன்னால் ஓடுகிறவள் திரும்பிப் பார்க்க மாட்டாள்

ஓசூர்ப் பக்கம் காலை ஐந்து மணிக்கு ஒருவன் ரோட்டில் ஓடினால், உடம்பைக் குறைக்க ஓடுகிறான் என்று யாரும் நினைப்பதில்லை. பஸ்ஸை விட்டுவிட்டான் என்றுதான் நினைப்பார்கள். இங்கே பெரும்பாலான கம்பெனிகளுக்கு முதல் ஷிப்டு ஆறு மணிக்கு. ஐந்தில் இருந்தே வெள்ளை பஸ், நீல பஸ், மஞ்சள் பஸ் என்று வரிசையாக வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகும். அதை விட்டால் அன்றைய பொழப்பு போச்சு. அதனால் அந்த நேரத்தில் ஓடுகிறவன் மேல் ஊருக்கே ஒரு இரக்கம் உண்டு. நானும் என் மனைவியும் மத்திகிரியில் ஜோடியாக ஓடத் தொடங்கிய முதல் நாளே அந்த இரக்கத்தில் மாட்டிக்கொண்டோம்.

இருநூறு அடிகூட ஓடியிருக்க மாட்டோம். பைக்கில் போன ஒருவர் வண்டியை மெதுவாக்கி, "எந்தக் கம்பெனி சார்? ஏறுங்க, அடுத்த ஸ்டாப்புல புடிச்சிரலாம்" என்றார். சும்மா ஓடுகிறோம் என்றேன். "சும்மாவா?" என்று கேட்டுவிட்டு, நம்பாமல் கொஞ்ச தூரம் கூடவே வந்தார். அடுத்து ஒரு ஆட்டோக்காரர் கன்னடத்தில் "ஏனாய்த்து ரீ?" என்றார். அதற்கடுத்து பால்காரர் தெலுங்கில் "ஏமய்யிந்தி?" என்றார். ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று மூன்று மொழியில் சொல்லிச் சொல்லியே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

உண்மையில் ஒன்று ஆகித்தான் இருந்தது. என் கிரேன் போகப் பார்த்தது.

சூளகிரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் கிரேன் ஆபரேட்டர். ரோட்டில் போகிற கிரேன் அல்ல. ஷெட்டின் கூரைக்கு அடியில் தண்டவாளம் போட்டு, அதில் முன்னும் பின்னும் போய்வருமே, அந்த ஓவர்ஹெட் கிரேன். நாற்பது அடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. ஏணியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் எட்டு மணி நேரம் அது என் ராஜ்ஜியம். பத்து டன் இரும்பு அச்சைக் கொக்கியில் மாட்டித் தூக்கி, கீழே நிற்பவர் காட்டுகிற கை ஜாடையைப் பார்த்து, முட்டையை வைப்பதுபோல் மெஷின் மேல் வைப்பேன். அங்கே ஏறி வந்து என்னை அதட்டுகிற அளவுக்கு எந்த சூப்பர்வைசருக்கும் மூச்சு கிடையாது. இருபத்திரண்டு வருடமாக நான் மரியாதையோடு இருந்த ஒரே இடம் அதுதான். வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கிரேன்காரர்களுக்கு வருடா வருடம் மெடிக்கல் உண்டு. போன முறை கம்பெனி டாக்டரம்மா என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். டாக்டர்கள் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல சேதி வராது. சர்க்கரையும் ஏறியிருந்தது, பிரஷரும் ஏறியிருந்தது. "மேல இருக்கறப்போ தலை சுத்தினா நீங்க மட்டுமா விழுவீங்க? கொக்கியில தொங்கறதும் சேர்ந்து விழும்" என்றார். மாத்திரை எழுதினார், சோற்றைக் குறைக்கச் சொன்னார், தினமும் ஓடச் சொன்னார். "மூணு மாசம் டைம். அதுக்குள்ள குறையலைன்னா அன்ஃபிட்னு எழுதிடுவேன். அப்புறம் கீழதான்."

கீழே என்றால் பேக்கிங் செக்ஷன். அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. அதுவும் வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இத்தனை வருடம் கீழே இருப்பவர்களுடைய தலை உச்சியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இனிமேல் போய் அவர்கள் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்றால் எனக்கு முடியாது.

முதல் வாரம் தனியாகத்தான் ஓடப் போனேன். ஓடினேன் என்று சொன்னால் பொய். தெருமுனை வரை ஓடுவேன். அங்கே ஒரு டீக்கடை. அதில் போண்டா போடுகிறவர் ஐந்து மணிக்கே எண்ணெயைக் காயவைத்துவிடுவார். அரைமணி நேரம் அங்கே உட்கார்ந்து நாட்டு நடப்பு பேசிவிட்டு, கிளம்பும்போது குடத்துத் தண்ணீரை மொண்டு நெற்றியிலும் பனியனிலும் தெளித்துக்கொண்டு, கடைசி இருபது அடி மட்டும் ஓடிப் போய் வீட்டு வாசலில் நின்று மூச்சு வாங்குவேன்.

என் மனைவி ரோஜாத் தோட்டத்துக் கம்பெனியில் வேலை செய்கிறாள். வெளிநாடு போகிற பூக்களைக் காம்பு நீளம் பார்த்துப் பிரிக்கிற வேலை. ஸ்கேல் இல்லாமல் கண்ணாலேயே ஐம்பது சென்டிமீட்டர், அறுபது சென்டிமீட்டர் என்று பிரித்துப் போட்டுக்கொண்டே போவாள். அப்பேர்ப்பட்ட கண்ணை நான் ஏழு நாள் ஏமாற்றியதே பெரிய விஷயம். எட்டாம் நாள் என்னை வாசலிலேயே நிறுத்தி மேலும் கீழும் பார்த்தாள்.

"வேர்த்தா கழுத்துலயும் முதுகுலயும்தான வேர்க்கும். உங்களுக்கு மட்டும் நெத்தியிலயும் நெஞ்சுலயும் வேர்க்குது."

"ஒவ்வொரு உடம்புக்கு ஒவ்வொரு மாதிரி" என்றேன்.

"அதெல்லாம் சரி. மீசையில சட்னி வேர்க்கறது எந்த மாதிரி உடம்பு?"

அடுத்த நாள் காலை நாலே முக்காலுக்கு அவள் சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாக நின்றாள். எனக்கு ஷூ வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கம்பெனியில் வருடத்துக்கு ஒரு ஜோடி சேஃப்டி ஷூ தருகிறார்கள், பிரிக்காத பெட்டி மூன்று கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, ஷூ என்றால் எல்லாம் ஷூதானே? விரல் மேல் இரும்பு விழுந்தாலும் அடிபடாமல் இருக்க முனையில் இரும்புத் தொப்பி வைத்த ஷூ அது. நான் ஓடிய சத்தத்தில் தெரு நாய்கள் எல்லாம் எழுந்து வந்தன. மூன்றாம் நாள் இரண்டு கட்டைவிரலும் வீங்கியபிறகுதான் கேன்வாஸ் ஷூ வாங்கினேன். கால்மேல் எது விழுந்தாலும் தாங்குகிற ஷூ, அதுவே அடிக்கு அடி விரலை இடித்தால் என்ன செய்வது என்று முதலில் எனக்குத் தோன்றவில்லை.

ஜோடியாக ஓடுவது என்று சொல்லிவிடலாம். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் ஓடினால்தானே ஜோடி? அவள் ஒல்லி, நாள் முழுக்க நின்று வேலை செய்கிற கால். நான் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தே வேலை செய்தவன். கால்நடைப் பண்ணை காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் போகும் ரோட்டில் அவள் ஐம்பது அடி முன்னால் போவாள், நான் பின்னால் புஸ் புஸ் என்று போவேன். ஒரு நாள், எங்கள் பகுதிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த பெரியவர் ஒருவர் குறுக்கே வந்து என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"விடுப்பா. பொம்பள கோவிச்சிக்கிட்டுப் போனா ரெண்டு நாள் பொறந்த வூட்ல இருந்துட்டு வரட்டும். நடுரோட்ல தொரத்தறது அழகா?"

எனக்கு வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது, பேச்சு வரவில்லை. பேசாமல் நின்றதை அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார். கல்லில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். என்னைக் காணவில்லையே என்று திரும்பி வந்த என் மனைவியைப் பார்த்து, "நீயும் வூட்டுக்குப் போம்மா. எல்லாக் குடும்பத்துலயும் இருக்கறதுதான்" என்றார். அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவரு திருந்த மாட்டாருங்க" என்றாள். அதன்பிறகு ஒரு மாதம் அந்தப் பெரியவர் என்னைக் கண்டால் கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொள்வார்.

சரி, நான் முன்னால் போகிறேன், நீ பின்னால் வா என்று மாற்றிப் பார்த்தோம். அன்று பார்த்து அவளுடைய ரோஜாக் கம்பெனி வேன் வந்தது. ஜன்னலில் இருந்து பத்துப் பெண்கள் தலையை நீட்டி, "அக்கா, விடாதீங்க! இன்னும் கொஞ்சந்தான், புடிச்சிருங்க!" என்று கத்தினார்கள். மறுநாளே நான் பழையபடி பின்னால் போய்விட்டேன். துரத்துகிறவன் என்ற பெயரைத் தாங்கலாம், தப்பிக்கிறவன் என்ற பெயரைத் தாங்க முடியாது.

ஓடும்போது பேச முடியாததால் அவளுக்குக் கிரேன் ஜாடைகளைச் சொல்லிக் கொடுத்தேன். உள்ளங்கையைக் கீழே காட்டி அசைத்தால் மெதுவாக, கையை மூடி உயர்த்திப் பிடித்தால் நிறுத்து, இரண்டு கையையும் விரித்து ஆட்டினால் அவசரம், எல்லாவற்றையும் நிறுத்து. நான் சொல்லிக் கொடுத்தது அவளுடைய வேகத்தைக் குறைக்க. அவள் அதை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள். இரண்டாவது கரண்டிச் சோற்றுக்குக் கை நீளும்போது எதிரில் மூடிய கை உயரும். கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் அந்த ஜாடைக்குக் கட்டுப்பட்டவன் என்பதால் கை தானாக நின்றுவிடும். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

பத்து நாளில் அவள் இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். அவள் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் நான் நின்றுவிடுகிறேன், நின்று இடுப்பில் கை வைத்துப் பாவமாக முகத்தை வைத்துக்கொள்கிறேன் என்று. அதனால் ஒரு சட்டம் போட்டாள். "இனிமே பண்ணை கேட் வர்ற வரைக்கும் நான் திரும்பவே மாட்டேன். நீங்க வந்தா வாங்க, வராட்டி போங்க." போனையும் வீட்டிலேயே வைக்கச் சொன்னாள். போன் வந்தால் நான் நின்று பேசுவேனாம். உண்மைதான். வராத போனைக்கூட எடுத்துப் பேசியிருக்கிறேன்.

அந்தச் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் வழிவிட்டது.

அந்த வாரம் எனக்கு இரண்டாம் ஷிப்டு. முதல் ஷிப்டு வாரம் என்றால் சாயங்காலம்தான் ஓடுவோம்; இது மதியம் இரண்டு மணிக்குப் போனால் போதும் என்பதால் காலையில் ஓடினோம். ஏரிக்கரையை ஒட்டித் திரும்புகிற இடத்தில் அவள் வழக்கம்போல் முன்னால் போய்விட்டாள். எனக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. எங்கள் கம்பெனி பஸ். டிரைவர் பல வருடப் பழக்கம். கதவு திறந்தது. "ஏறு ஏறு, லேட்டாவுது" என்றார். நான் ஏறிவிட்டேன்.

ஏன் ஏறினாய் என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். ஏன் ஏறினேன்? கால் ஏறியது. இருட்டு விலகும் நேரம், ரோட்டோரம், அந்த பஸ், அந்த டிரைவர், அந்த "லேட்டாவுது". இருபத்திரண்டு வருடமாக இத்தனையும் சேர்ந்தால் ஏறியே பழகிய கால். ஏறியதும் மூன்றாவது வரிசை ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தேன். அந்த சீட்டில் உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும், அதுவும் பழக்கம். கண் சொக்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் தனியாக ஓடுவது தெரிந்தது. ஐயோ பாவம், பஸ்ஸை விட்டுட்டா போலிருக்கு என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

கம்பெனி கேட்டில்தான் விழித்தேன். எல்லோரும் யூனிஃபார்மில் இறங்கினார்கள். நான் அரை டிரவுசரிலும் பனியனிலும் இறங்கினேன். அப்போதுதான் என்ன செய்துவைத்திருக்கிறேன் என்பது உறைத்தது. கேட்டில் இருந்த செக்யூரிட்டி அதிகாரி பட்டாளத்தில் இருந்து வந்தவர். "கார்டு எங்க? ஹெல்மெட் எங்க? ஷூ எங்க?" என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "வேட்டியாவது கட்டிட்டு வரக் கூடாதா?" என்றார். போன் கேட்டேன். கொடுத்தார். கையில் வாங்கியதும்தான் தெரிந்தது, பத்தொன்பது வருடம் குடும்பம் நடத்திய பெண்டாட்டியின் நம்பர் எனக்கு மனப்பாடமாகத் தெரியாது. எனக்குத் தெரிந்தது என் நம்பர் மட்டும்தான். அதையே அடித்தேன். பூட்டிய வீட்டில் அது அடித்துக்கொண்டே இருந்தது. மகள் சேலத்தில் ஹாஸ்டலில் இருக்கிறாள், வீட்டில் வேறு யாரும் கிடையாது.

பதினோரு முறை அடித்தேன். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஏழாவது முறைக்குப் பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை. அவள் இந்நேரம் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் தேடுகிறாள். எங்கே என்று தேடுவாள்? ஒரு மனுஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது காணாமல் போனால், அதுவும் பிரஷர் உள்ளவன், எங்கே என்று தேடுவது?

ஆறரை மணிக்கு செக்யூரிட்டி அதிகாரியின் நம்பருக்கே அவள் திருப்பிக் கூப்பிட்டாள். என் மனைவி என்னை எப்போதும் "நீங்க" என்றுதான் சொல்லுவாள். எவ்வளவு கோபம் வந்தாலும் மரியாதையோடுதான் திட்டுவாள். அன்று என் குரலைக் கேட்டதும், "எங்க போய்த் தொலஞ்ச நீ?" என்றாள். செக்யூரிட்டி அதிகாரி ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"பஸ்ல ஏறிட்டேன்" என்றேன்.

"எதுக்கு?"

"தெரியல."

போன் கட்டாகிவிட்டது. செக்யூரிட்டி அதிகாரி என்னைப் பார்த்து, "நான் கார்கில்ல இருந்திருக்கேன் சார். உங்களுக்கு ஒரு டீ சொல்லட்டுமா?" என்றார்.

இரவு ஷிப்டு முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிய பஸ்ஸிலேயே காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அன்று அவள் லீவு போட்டுவிட்டாள். என் முகத்தையே பார்க்கவில்லை. மதியம் சோற்றைப் போட்டுவிட்டு, "இனிமே நான் வரல. நீங்க பஸ்ஸுலயே ஓடுங்க" என்றாள். தனியாக விட்டுவிட்டு வந்த கோபம் என்று நினைத்தேன். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றும் நினைத்தேன்.

சரியாகவில்லை. பத்து நாள் ஓடவில்லை அவள். அந்தப் பத்து நாளும் நான் தனியாகப் போய் போண்டாக்கடையின் வியாபாரத்தைத் தூக்கி நிறுத்தினேன். மருந்துக்கடையில் விரலைக் குத்திப் பார்த்தபோது, ஒன்றரை மாதம் பாடுபட்டு இறக்கிய சர்க்கரை மறுபடி ஏறியிருந்தது. மெடிக்கலுக்கு ஐந்து வாரம்தான் பாக்கி. ராத்திரி படுத்தால் கண்முன்னால் அட்டைப் பெட்டிகளும் டேப்பும் வந்தன. அவள் இல்லாமல் என்னால் ஓட முடியாது என்பது எனக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது. ஓட முடியாது என்பதல்ல, ஓட மாட்டேன்.

எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் இல்லை. அதற்குப் பதிலாக எதையாவது ரிப்பேர் செய்வோம். இரண்டு வருடமாக ஒழுகிக்கொண்டிருந்த குளியலறைக் குழாயை ஞாயிற்றுக்கிழமை கழற்றி மாட்டினேன். மிக்ஸியைப் பிரித்து மாட்டினேன். அலமாரிக் கதவின் கீச்சுச் சத்தத்தை எடுத்தேன். அவள் எல்லாவற்றையும் திறந்து மூடிப் பார்த்தாள். திங்கட்கிழமை காலை என்னை எழுப்பி, ஒரு துண்டின் ஒரு முனையை நீட்டினாள்.

"புடிங்க."

"எதுக்கு?"

"விட்டா பஸ்ல ஏறுவீங்க."

அப்படித்தான் பாக்கி ஐந்து வாரமும் ஓடினோம். துண்டின் ஒரு முனை அவள் கையில், ஒரு முனை என் கையில். கல்யாணத்தன்று அவள் முந்தானையையும் என் துண்டையும் முடிச்சுப் போட்டு அக்கினியைச் சுற்றிவரச் சொன்னபோதுகூட அவள் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கவில்லை. எங்கள் கம்பெனி பஸ் வரும் சத்தம் கேட்டால் மணிக்கட்டில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிக்கொள்வாள். டிரைவர் வேண்டுமென்றே மெதுவாக்கி, கதவைத் திறந்து, "வர்றீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுப் போவார். உள்ளே ஒரே சிரிப்பு. அன்று என்னைப் பிடித்து நிறுத்தி அறிவுரை சொன்ன பெரியவர் மட்டும் துண்டைப் பார்த்து, குடும்பம் ஒன்றுசேர்ந்துவிட்டது என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

துண்டின் நீளம்தான் தூரம் என்பதால் அவள் என் வேகத்துக்கு வர வேண்டியிருந்தது, நானும் அவள் வேகத்துக்குக் கொஞ்சம் போக வேண்டியிருந்தது. நான்காவது நாளில் இருந்து ஓடிக்கொண்டே பேச எனக்கு மூச்சு மிஞ்சியது. மகளின் படிப்பு, ரோஜாக் கம்பெனியில் புதிதாக வந்த மேனேஜர், வீட்டு ஓனர் மாடியில் போடப்போகிற ரூம். ஷிப்டு மாற்றி மாற்றிப் போனதில் இந்தப் பேச்செல்லாம் பல வருடமாக எங்களுக்குள் பாதிப் பாதியாகவே நின்றிருந்தது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு ரவுண்டு போகலாம் என்பாள்.

நடுவில் கிருஷ்ணகிரியில் இருந்து மாமனார் வீட்டு மாம்பழம் ஒரு பெட்டி வந்தது. வீடே மணத்தது. அவள் பெட்டியைப் பிரிக்காமலே தெருவில் வீடு வீடாகப் பங்கு போட என்னையே தூக்கிக்கொண்டு வரச் சொன்னாள். பத்து டன் தூக்கியவன் நான், அந்தப் பெட்டி அளவுக்கு எதுவும் கனத்ததில்லை.

மெடிக்கல் அன்று காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது, "மெதுவா மூச்சு விடுங்க, எதையும் நெனக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள். நர்ஸ் முதல் தடவை பிரஷர் பார்த்தபோது ஏறித்தான் இருந்தது. உட்காரச் சொன்னார். கால் மணி கழித்துப் பார்த்தபோது இறங்கியிருந்தது. சர்க்கரையும் டாக்டரம்மா சொன்ன அளவுக்குள் வந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றாமலே ஃபிட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பேப்பரை மடிக்க மனமில்லாமல் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். அன்று தூக்கம் வரவில்லை.

மதியம் மூன்று மணி இருக்கும். ஏரிக்கரை ஸ்டாப்பில் இறங்கி நடந்தேன். ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர் ஒரு தெலுங்குக்காரரைக் காவலுக்கு வைத்திருந்தார். தினமும் நாங்கள் ஓடுவதைப் பார்க்கிறவர், ஆனால் பேசிப் பழக்கமில்லை. அன்று அவரே கூப்பிட்டார்.

"ஏம் சாரு, ஃபிட்டா? அன்ஃபிட்டா?"

இவருக்கு எப்படித் தெரியும் என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே பேப்பரைக் காட்டினேன். பார்த்துவிட்டு நிம்மதியாக, "அம்மய்யா. அப்ப இனிமே சொல்லலாம்" என்றார்.

"என்ன சொல்லலாம்?"

"நீங்க பஸ்ல போனீங்களே, அன்னிக்கு உங்க ஊட்டம்மா இந்தக் கரை பூராத் தேடுச்சு. அதோ, அந்த ஆகாயத்தாமரைக்கு நடுவுல வெள்ளையா ஒண்ணு கெடந்துச்சு. உங்க பனியன்னு நெனச்சிருச்சு போல. நான் ஓடி வர்றதுக்குள்ள எறங்கிருச்சு. நெஞ்சளவுத் தண்ணி. சேத்துல கால் மாட்டிக்கிச்சு. நானும் இன்னும் ரெண்டு பேரும் எறங்கி இழுத்தோம். அது பனியன் இல்ல, யூரியாச் சாக்கு. சாக்குன்னு காட்டுன பொறவுதான் கரையேறுச்சு."

நான் ஏரியைப் பார்த்தேன்.

"அன்னிக்கு சாயங்காலம் திரும்பி வந்து, நீங்க பஸ்ல போனதச் சொல்லி, உங்ககிட்ட செப்பொத்து, சொல்லாதேன்னு கையெடுத்துக் கும்புட்டுச்சு. மெடிக்கல் முடியற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதாம். தெரிஞ்சா அவருக்கு பிரஷர் ஏறிரும், கிரேன் போயிரும்னுச்சு."

என் மனைவிக்குத் தண்ணீர் என்றால் பயம். கல்யாணமான புதிதில் ஒகேனக்கல் போனபோது பரிசலில் ஏற மாட்டேன் என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டவள். அன்று நான் எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது அவள் தலைக்குக் குளித்திருந்தாள். வெள்ளிக்கிழமை, அதனால் குளித்திருக்கிறாள் என்று நினைத்தேன். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டில் எல்லோரும் சிரித்ததைப் பற்றி அவளிடம் குறைப்பட்டுக்கொண்டேன். இப்போது கரையில் நின்று, பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். காவல்காரர் பதறிப்போய், "ஃபிட்டுதான சாரு, ஏன் அழுவறீங்க?" என்றார்.

சாயங்காலம் அவள் வேலையில் இருந்து வந்தாள். பேப்பரை நீட்டினேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். "அப்ப நாளையில இருந்து தூங்குவீங்க" என்று சொல்லிவிட்டு சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

"தண்ணிக்குள்ள எதுக்கு எறங்குன?" என்று கேட்டேன்.

அவள் திரும்பவில்லை. "அந்த ஆளுக்கு வாய் நிக்காதுன்னு அன்னிக்கே நெனச்சேன்" என்றாள்.

"உனக்குத்தான் நீச்சல் தெரியாதே."

"உங்களுக்கு மட்டும் தெரியுமா?" என்றாள்.

எனக்கும் தெரியாது.